டோமோசாகி தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஜாக்கு-கியாரா டோமோசாகி-குன்’ என்ற ஜப்பானியத் தொடரை யாருக்குப் பரிந்துரைத்தாலும் ஏறக்குறைய ஒரே வகையான ஐயங்களே திரும்பி வருகின்றன. பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் கேட்பவை சில. பாதியில் மனம் நெருடி நிறுத்திவிட்டவர்கள் கேட்பவை சில. முழுவதும் பார்த்த பின்னும் தீராதவை சில. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் முதல் ஏழு கேள்விகள் வரை தயங்காமல் படிக்கலாம். அதன்பின் கதையின் திருப்பங்கள் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன.

இது என்ன கதை? சுருக்கமா சொல்ல முடியுமா?

டோமோசாகி ஃபுமியா மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன். ‘அட்டாஃபாமி’ என்ற சண்டை விளையாட்டில், ‘நானாஷி’ என்ற புனைபெயரில், ஜப்பான் முழுமைக்கும் முதலிடத்தில் இருப்பவன். வகுப்பறையிலோ அவன் இருப்பதையே பலர் பொருட்படுத்துவதில்லை. குனிந்த தலை, வாய்க்குள்ளேயே தேய்ந்து போகும் குரல், பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லாத நாள்கள். வாழ்க்கை என்பது விதிகளே ஒழுங்காக இல்லாத மட்டமான விளையாட்டு என்பதும், அதில் பிறக்கும்போதே வலுவற்ற பாத்திரம் தனக்கு வாய்த்துவிட்டது என்பதும் அவனுடைய உறுதியான எண்ணங்கள்.

அதே விளையாட்டில் அவனுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் ‘நோ நேம்’ என்பவரை ஒரு நாள் நேரில் சந்திக்கப் போகிறான். வந்து நிற்பவள் அவன் பள்ளியிலேயே படிக்கும் ஹினாமி அவோய். படிப்பு, ஓட்டப்பந்தயம், எல்லோரிடமும் பழகும் பாங்கு ஆகிய அனைத்திலும் முன்னால் நிற்பவள். தான் மனத்தில் உயர்த்தி வைத்திருந்த ஆட்டக்காரன் நிஜ வாழ்க்கையில் முயற்சியே செய்யாமல் கிடப்பதைக் கண்டு அவளுக்குக் கோபம் வருகிறது. வாழ்க்கையும் ஒரு விளையாட்டுதான், அதுவும் மிகச் சிறந்த விளையாட்டு என்று வாதாடி, அதை ஆடக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்கிறாள். அந்தப் பயிற்சியும், அதன் வழியே அவனுக்குக் கிடைக்கும் நண்பர்களும், பிறகு வரும் காதலும்தான் கதை.

எத்தனை எபிசோடு இருக்கு? புத்தகமா, அனிமேவா, எதுல ஆரம்பிக்கணும்?

மூலம் யாகு யூகி எழுதிய லைட் நாவல் (இளைஞர்களுக்கான, படங்களுடன் வரும் ஜப்பானிய நாவல் வகை) வரிசை. ஃப்ளை என்ற ஓவியரின் படங்களுடன், ஷோகாகுகான் நிறுவனத்தின் ககாகா புங்கோ வெளியீடாக 2016 மே மாதத்தில் முதல் தொகுதி வந்தது. ப்ராஜெக்ட் நம்பர் நைன் நிறுவனம் அதை அனிமேயாக, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடராக எடுத்தது. முதல் சீசன் 2021 ஜனவரி முதல் மார்ச் வரை 12 எபிசோடுகளாகவும், இரண்டாம் சீசன் 2024 ஜனவரி முதல் மார்ச் வரை 13 எபிசோடுகளாகவும் ஒளிபரப்பாயின. முதல் சீசன் நாவலின் முதல் மூன்று தொகுதிகளைத் தழுவியது. இரண்டாவது, நான்காம் தொகுதி முதல் ஏழாம் தொகுதி வரை செல்கிறது.

நேரம் குறைவாக உள்ளவர்கள் அனிமேயில் தொடங்கலாம். ஆனால் நாவல் டோமோசாகியின் தன்கூற்றாக எழுதப்பட்டது. ஒருவர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அவன் மனத்துக்குள் அலசிப் பார்க்கும் பத்துக் கணக்குகள் அதில் கிடைக்கும். அனிமேயில் அந்தக் கணக்குகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது. முதல் சீசனைப் பார்த்துப் பிடித்துப்போனவர்கள் நாவலை முதல் தொகுதியிலிருந்தே படிப்பது நல்லது.

எனக்கு வீடியோ கேமே ஆடத் தெரியாது. புரியுமா?

தாராளமாகப் புரியும். விளையாட்டுக் காட்சிகள் குறைவு. அவற்றில் யார் வெல்கிறார் என்பதைத் தாண்டி எந்த நுட்பமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேடையிலிருந்து எதிராளியைத் தூக்கி வெளியே எறியும் வகைச் சண்டை விளையாட்டு என்று தெரிந்தால் போதும்.

தெரிந்துகொள்ள வேண்டியது விளையாட்டுக்காரர்களின் மனப்போக்கு ஒன்றுதான். தோற்றால் பாத்திரத்தையோ கருவியையோ பழிக்காமல், எங்கே தவறினோம் என்று பார்த்து மறுபடி ஆடுவதே டோமோசாகி மதிக்கும் ஒழுக்கம். முதல் எபிசோடில் அவனிடம் தோற்ற வகுப்புத் தோழன் நகமுரா, பாத்திரத் தேர்வால்தான் தோற்றேன் என்று சொல்லும்போது அவனுக்கு அது பொறுக்கவில்லை. ஹினாமி பிறகு அவனை மடக்குவதும் இதே இடத்தில்தான்: விளையாட்டில் பாத்திரத்தைக் குறை சொல்பவனைக் கண்டால் வெறுக்கும் நீ, வாழ்க்கையில் மட்டும் உன் பாத்திரம் பலவீனமானது என்று சாக்குச் சொல்வது எப்படி நியாயம் என்கிறாள். அவனிடம் அதற்குப் பதில் இல்லை.

அட்டாஃபாமின்னு சிலர் சொல்றாங்க, டாக்ஃபாம்னு சிலர் சொல்றாங்க. ரெண்டு கேமா?

ஒன்றேதான். ‘அட்டாக் ஃபேமிலீஸ்’ என்பதன் ஜப்பானியச் சுருக்கம் அட்டாஃபாமி; யென் பிரஸ் வெளியிடும் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது டாக்ஃபாம். இது கதைக்காகப் புனையப்பட்ட விளையாட்டு, கடையில் தேட வேண்டாம்.

கதை டோக்கியோவுலயா நடக்குது?

சைதாமாவில் நடக்கிறது. டோக்கியோவுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் மாகாணம் அது. உராவா, ஓமியா, யோனோ ஆகிய மூன்று நகரங்கள் 2001-இல் இணைந்து இன்றைய சைதாமா மாநகரம் உருவானது. டோமோசாகியும் ஹினாமியும் ரயிலேறும் கித்தா-யோனோ, சைக்யோ தடத்தில் ஓமியாவுக்கு முந்தைய நிலையம். நூலாசிரியரும் சைதாமாக்காரர் என்பதால் ஊர் வெறும் பின்னணித் திரையாக இல்லாமல், தெரிந்தவர் எழுதிய ஊராக இருக்கிறது.

மாணவர்கள் துணி வாங்கவும், முடி வெட்டவும், ஊர் சுற்றவும் ஓமியாவுக்குத்தான் போகிறார்கள். ஓமியா நிலையத்தின் நடுக்கூடத்தில் ‘அவரைச் செடி’ என்று பெயர் பெற்ற உயரமான சிற்பம் ஒன்று உண்டு. நண்பர்கள் ஒருவருக்கொருவர் காத்திருக்கும் வழக்கமான இடம். பெருநகரத்தின் பகட்டு இல்லாத புறநகர் வாழ்க்கை இந்தக் கதைக்கு நன்றாகப் பொருந்துகிறது. எல்லோரும் எல்லோரையும் ரயிலிலோ கடையிலோ எதிர்கொள்ள நேரிடும் அளவு சின்ன வட்டம் அது; கூச்சமுள்ளவனுக்கு அதைவிடக் கடினமான களம் வேறில்லை.

ஹினாமிக்கு இதுல என்ன லாபம்? எதுக்கு இவனுக்காக இவ்வளவு மெனக்கெடுறா?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே தொடரைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் கதையின் ஆழமான முடிச்சு இதுதான். மேலோட்டமான பதில் முதல் எபிசோடிலேயே கிடைக்கிறது. நானாஷியின் ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்து, அவன் ஆடும் அதே பாத்திரத்தைத் தேர்ந்து, அவன் முறைகளைப் பின்பற்றியே அவள் அந்த விளையாட்டில் மேலே வந்தவள். முயன்றும் அவளால் வெல்ல முடியாத ஒரே ஆள் அவன். அப்படிப்பட்டவனே முயற்சியால் பயனில்லை என்று வாழ்க்கையைப் பற்றிச் சொன்னால், முயற்சி ஒன்றையே நம்பித் தன்னைச் செதுக்கிக்கொண்ட அவளுக்கு அது நேரடியான மறுப்பாகிறது.

ஆகவே அவள் கற்றுக்கொடுப்பது கருணையால் மட்டும் அன்று. தன் வழி சரியானது என்பதற்கு அவளுக்கு ஒரு சான்று தேவைப்படுகிறது. ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கான பதில் இரண்டு சீசன்களிலும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

அவ கொடுக்குற பயிற்சியெல்லாம் நிஜத்துல வேலை செய்யுமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. தொடரின் மிக நல்ல பகுதியும் இதுவே. பயிற்சிகள் மாயம் போல இல்லாமல் சிறிய செயல்களாக இருக்கின்றன. முகக்கவசம் அணிந்துகொண்டு அதன் மறைவில் நாள் முழுவதும் சிரிப்புத் தசைகளைப் பயிற்றுவது. நடக்கும்போது முதுகை நிமிர்த்தி வைப்பது. தன் பேச்சைத் தானே பதிவு செய்து கேட்பது. யாரிடம் எதைப் பேசலாம் என்று தலைப்புகளை எழுதி மனப்பாடம் செய்வது. துணி தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்றால் கடைப் பொம்மை அணிந்திருப்பதை அப்படியே மொத்தமாக வாங்குவது. பக்கத்து இருக்கையில் இருக்கும் இசுமி யூசுவிடம் டிஷ்யூ இருக்கிறதா என்று கேட்பது அவனுக்கு ஒரு போருக்குச் செல்வது போல இருக்கிறது. அந்த ஒற்றை வாக்கியத்துக்கு முன் அவன் படும் பாட்டைத் தொடர் கேலி செய்வதில்லை.

பதிவைக் கேட்கும் இடத்தைக் கவனியுங்கள். தான் சாதாரணமாகவே பேசியதாக அவன் நினைத்திருப்பான். பதிவில் ஒலிப்பதோ சுருதியே இல்லாத முணுமுணுப்பு. தனக்குள் கேட்கும் குரலும் பிறர் காதில் விழும் குரலும் ஒன்றில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. குரல் கொடுத்த சாத்தோ கென், மனத்துக்குள் பேசும் டோமோசாகிக்குத் தெளிவான வேகமான குரலையும், வாய் திறந்து பேசும் டோமோசாகிக்குத் திக்கும் குரலையும் தந்திருக்கிறார். எபிசோடுகள் செல்லச் செல்ல இரண்டும் நெருங்கி வருகின்றன.

முறையைப் பொறுத்தவரை, மனநலத் துறையில் சமூகத் திறன் பயிற்சி என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. செய்து காட்டுதல், ஒத்திகை, குறை நிறை சொல்லுதல், வீட்டுப்பாடமாக வெளியில் செய்து பார்த்தல் என்பவை அதன் படிகள். ஜப்பானில் மருத்துவமனை உள்நோயாளிகளுக்கான இத்தகைய பயிற்சி 1994-இல் மருத்துவக் காப்பீட்டுக் கட்டண அட்டவணையிலேயே இடம் பெற்றது. ஹினாமியின் பாடத்திட்டமும் அதே வடிவத்தில் அமைந்திருக்கிறது: தொலைதூர இலக்கு, இடைநிலை இலக்கு, இந்த வாரத்துக்கான சிறு இலக்கு, செய்து பார்த்தபின் ஆய்வு. ஆயினும் கதையில் அவனுக்கு அருகில் எந்நேரமும் ஒரு திறமையான ஆசான் இருக்கிறாள் என்பதையும், வகுப்பில் பெரும்பாலோர் நல்லவர்களாக வாய்த்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நிஜத்தில் முன்னேற்றம் இதைவிட மெதுவாக இருக்கும்.

கூச்சப்படுறது ஒரு குறையா? அவனை ஏன் மாத்தணும்?

கூச்சத்தைக் குறை என்று தொடர் சொல்லவில்லை. டோமோசாகியின் வகுப்புத் தோழி கிகுச்சி ஃபூக்கா கடைசிவரை அமைதியானவளாகவே இருக்கிறாள். நூலகத்தில் தனியாகப் படிப்பது அவளுக்கு நிறைவைத் தருகிறது, அதைக் கதை மதிக்கிறது. டோமோசாகியின் நிலை வேறு. மனிதர்களோடு பழக அவனுக்கு ஆசை இருக்கிறது. பழகத் தெரியாததால், ஆசையே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். தனிமை பிடித்து இருப்பவரையும் வழி தெரியாமல் தனிமையில் மாட்டிக்கொண்டவரையும் இந்த அளவுக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பள்ளிக் கதைகள் குறைவு என்பது என் கருத்து.

விளையாட்டைக் கைவிட வேண்டும் என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை என்பதும் முக்கியம். இசுமி யூசு அவனிடம் உதவி கேட்டு வருவது அட்டாஃபாமி கற்றுக்கொள்ளத்தான். தனக்குப் பிடித்த நகமுராவோடு சேர்ந்து ஆட வேண்டும் என்பது அவள் ஆசை. அவனுக்குக் கிடைக்கும் முதல் உறவுகள் அவன் ஏற்கெனவே திறம்படச் செய்யும் ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

நகமுராதான் வில்லனா?

தொடக்கத்தில் அப்படித் தோன்றும். பழைய தலைமையாசிரியர் அறையில் அவன் டோமோசாகியுடன் மறுபடி மோதி, மீண்டும் மீண்டும் தோற்று, விடாமல் ஆடிக்கொண்டே இருக்கும் காட்சியில் அந்த எண்ணம் கலைகிறது. அவன் வீட்டில் உட்கார்ந்து கடுமையாகப் பயிற்சி செய்திருக்கிறான் என்பது டோமோசாகிக்கு அவன் விரல் அசைவிலேயே தெரிந்துவிடுகிறது. அதே வகுப்பு மாணவி கொன்னோ எரிகாவும் கூட்டாளிகளும் அதைப் பார்த்துச் சிரிக்கும்போது, யாரிடமும் குரல் உயர்த்தியறியாத டோமோசாகி வெடித்துப் பேசுகிறான்.

அவன் பேசுவது தனக்காக இல்லை; தன்னை அவமதித்த ஒருவனின் உழைப்புக்காக. மனப்பாடம் செய்த தலைப்பு எதுவும் அந்தப் பேச்சில் இல்லை, அதே சமயம் கற்றுக்கொண்ட குரலும் நிமிர்வும் அதில் இருக்கின்றன. முதல் தொகுதி முழுவதும் இந்த ஒரு காட்சிக்காகக் கட்டப்பட்டது போலிருக்கிறது.

மாணவர் தேர்தல் பகுதி ரொம்ப நீளமா இருக்கே. அதுல காதலே இல்லையே?

காதல் இல்லை என்பது உண்மை. நீளம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் சீசனில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நானமி மினாமி, எல்லோரும் அழைப்பது போல் மிமிமி, கலகலப்பானவள். வகுப்பில் யாருக்கும் அவளைப் பிடிக்கும். அவள் ஹினாமியை எதிர்த்து மாணவர் மன்றத் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். டோமோசாகி அவளுக்கு யோசனை சொல்லும் துணையாகச் சேர்கிறான். அவர்கள் தோற்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் கதை கூர்மையாகிறது. நடுநிலைப் பள்ளிக் காலத்திலேயே கூடைப்பந்தாட்டத்தில் ஹினாமியின் அணியிடம் தோற்றவள் மிமிமி. முதலிடத்துக்கு மிக அருகில் இருந்தும் அதைத் தொட முடியாதவளின் வலி, கீழே கிடப்பவனின் வலியைவிடக் குறைந்ததில்லை. ஓட்டப் பயிற்சியில் ஹினாமிக்கு ஈடுகொடுக்க முயன்று அவள் உடலும் மனமும் சோர்ந்து போகின்றன. அவளை மீட்பது டோமோசாகியின் உத்தி இல்லை. நட்சுபயாஷி ஹனாபி, அதாவது தமா என்ற தோழி, எனக்கு நீதான் முதலிடம் என்று சொல்வதுதான். முயற்சி செய்தால் வெல்லலாம் என்று ஆரம்பித்த கதை, முயற்சி செய்தும் தோற்பவர்களை மறக்காமல் எதிர்கொள்ளும் இடம் இது.

இப்படி ஒத்திகை பார்த்துப் பேசுறது நடிப்புதானே? எதிர்ல இருக்கறவங்கள ஏமாத்துற மாதிரி இல்லையா?

இந்த நெருடலால் பாதியில் நிறுத்தியவர்கள் பலர். அவர்களிடம் நான் சொல்வது: முதல் சீசனின் கடைசிவரை பொறுத்திருங்கள், கதையே இந்தக் கேள்வியைக் கேட்கிறது. கோடை விடுமுறையில் டோமோசாகியும் கிகுச்சியும் வெளியே செல்கிறார்கள். அவனோடு பேசுவது சில நேரம் எளிதாகவும் சில நேரம் திடீரென்று கடினமாகவும் இருக்கிறது என்று கிகுச்சி மெல்லச் சொல்கிறாள். அவன் எண்ணிப் பார்க்கிறான். தட்டுத்தடுமாறித் தன் மனத்தில் பட்டதைச் சொன்ன நேரங்களே அவளுக்கு எளிதாக இருந்திருக்கின்றன. மனப்பாடத் தலைப்புகளைச் சரளமாக எடுத்துவிட்ட நேரங்களில் அவள் விலகி நின்றிருக்கிறாள். தான் தேர்ச்சி என்று நம்பிய இடமே அவளுக்குச் சுவராக இருந்திருக்கிறது. சண்டையோ கண்ணீரோ இல்லாத இந்தச் சிறிய உரையாடல் தொடரின் போக்கையே திருப்புகிறது.

அதன்பின் ஹினாமியோடு அவனுக்கு மோதல் வருகிறது. உண்மையில் என்ன வேண்டும் என்று ஒன்று கிடையாது, அது அந்தந்த நேரத்து மயக்கம், இலக்கும் வழிமுறையும் மட்டுமே மெய் என்பது ஹினாமியின் நிலை. தனக்கு என்ன வேண்டும் என்பதை விட்டுவிட்டு ஆடும் ஆட்டத்தில் பொருளில்லை என்பது அவன் நிலை. ஆனால் அவன் பயிற்சியையே தூக்கி எறிந்துவிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சில நாள் விலகியிருந்துவிட்டு அவளிடம் திரும்பிப் போகிறான். திறன் வேண்டும், அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை நானே முடிவு செய்வேன் என்கிறான்.

என் பார்வையில் அவன் சொல்வதே சரி. முதுகை நிமிர்த்துவதும், எதிரில் இருப்பவருக்குக் கேட்கும்படி பேசுவதும், அவருக்கு எதில் ஆர்வம் என்று முன்கூட்டி யோசிப்பதும் ஏமாற்று ஆகா. வேட்டி கட்டவோ மேடையில் பாடவோ கற்றுக்கொள்வது எப்படி நடிப்பில்லையோ அப்படித்தான் இதுவும். நமக்கில்லாத விருப்பத்தை இருப்பதாகக் காட்டும்போதுதான் அது பொய்யாகிறது. கிகுச்சி விரும்பிப் படிக்கும் எழுத்தாளரைத் தானும் படிப்பதாக அவள் தவறாக எண்ணிக்கொண்டபோது டோமோசாகி திருத்தாமல் இருந்தது அந்த வகைப் பொய். அவன் பிறகு அதை அவளிடம் ஒப்புக்கொள்கிறான்.

பொண்ணுங்கள ஒரு ‘டாஸ்க்’ மாதிரி காட்டுறது எனக்குப் பிடிக்கல. நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேனா?

இல்லை, பலரும் இதையே சொல்கிறார்கள், நியாயமாகவும் சொல்கிறார்கள். மூன்று மாணவிகளிடமாவது பேச வேண்டும் என்பது தொடக்கப் பணிகளில் ஒன்று. மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்குள் காதலி இருக்க வேண்டும் என்பது இடைநிலை இலக்கு. ஒரு மனிதரை இலக்கின் பெயராக எழுதி வைப்பதில் உள்ள அநியாயம் முதல் சில எபிசோடுகளில் யாருக்கும் உறுத்துவதில்லை. தொடரின் பலவீனமான பகுதி என்று நான் கருதுவதும் அதுவே.

இருந்தாலும் அந்தப் பிழையைக் கதை தானே உணர்கிறது. வாணவேடிக்கை இரவில் கிகுச்சியிடம் காதலைச் சொல்ல வேண்டும் என்பது ஹினாமி கொடுத்த பணி. அவன் சொல்லாமல் திரும்பி வருகிறான். மனத்தில் உறுதியாகாத ஒன்றை, பணி என்பதற்காக அவளிடம் சொல்வது அவளுக்குச் செய்யும் அவமதிப்பு என்று அவனுக்குத் தோன்றுகிறது. முந்தைய பதிலில் சொன்ன மோதல் வெடிப்பது இதையொட்டித்தான்.

தமா தப்பு எதுவும் பண்ணல. அப்புறம் அவ ஏன் மாறணும்?

இரண்டாம் சீசனின் கடினமான கேள்வி இது. கொன்னோ எரிகா, ஹிராபயாஷி என்ற அமைதியான மாணவியைத் துன்புறுத்துகிறாள். தமா எழுந்து நின்று அதைத் தட்டிக் கேட்கிறாள். உடனே குறி அவள் மீது திரும்புகிறது. அவள் ஒவ்வொரு முறையும் நேருக்கு நேர் எதிர்ப்பதால், வகுப்பில் மற்றவர்கள் கொன்னோவைவிடத் தமாவைத்தான் தொல்லையாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நியாயம் முழுவதும் அவள் பக்கம் இருந்தும் ஆதரவு கிடைப்பதில்லை. வகுப்பறையின் கோழைத்தனத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டியிருப்பது பாராட்டுக்குரியது.

மாறு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கற்றுக்கொடு என்று டோமோசாகியிடம் அவளே வந்து கேட்கிறாள். தன்னைக் காக்க முடியாமல் மிமிமி உள்ளுக்குள் வருந்துவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாதிக்கப்பட்டவர் மாற வேண்டியதில்லை என்பது அறமாக எவ்வளவு சரியோ, நாளைக் காலை அதே வகுப்புக்குள் போக வேண்டியவருக்கு அது உதவாது என்பதும் அவ்வளவு சரி. தமா தன் கொள்கையை விட்டுக்கொடுக்காமல், சொல்லும் முறையை மட்டும் பழகிக்கொள்கிறாள். இந்தத் தீர்வில் எனக்கு முழு நிறைவு இல்லை; வகுப்பாசிரியர் எங்கே போனார் என்ற கேள்வி எழாமல் இல்லை. ஆனாலும், கற்றுக்கொள்பவனாகவே இருந்த டோமோசாகி முதன்முறையாகக் கற்றுக்கொடுப்பவனாவது இங்கேதான்.

கொன்னோவை ஹினாமி பழிவாங்கினது சரிதானே? நான் கைதட்டினேன்.

அந்தக் காட்சி கைதட்டத் தூண்டும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கை தானாக நின்றுவிட வேண்டும் என்பதும் அதன் நோக்கம். தோழிகள் ஒன்றுபோல் வைத்திருந்த சிறு தொங்கல் பொம்மையை, மிமிமி தமாவுக்குக் கொடுத்ததை, கொன்னோ உடைத்துவிடுகிறாள். அதுவரை எதையும் காட்டிக்கொள்ளாத ஹினாமி, ஒவ்வொரு சொல்லாக அளந்து பேசி, வகுப்பு முழுவதையும் கொன்னோவுக்கு எதிராகத் திருப்புகிறாள். டோமோசாகிக்கு அவள் கற்றுக்கொடுத்த அதே திறன்கள்: நேரம், தொனி, யார் எப்போது ஆமாம் சொல்வார்கள் என்ற கணிப்பு. அவை ஒருவரை அழிக்கவும் போதும் என்று அப்போது தெரிகிறது.

அதைத் தடுப்பது பாதிக்கப்பட்ட தமாவே. ஹினாமி நல்லவளா கெட்டவளா என்று கேட்பவர்களுக்கும் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். தான் நேசிப்பவர்களுக்கு ஒன்று நேர்ந்தால் எல்லை தெரியாமல் போகும் ஒருத்தி அவள். ஆறாவது கேள்விக்கான பதிலில் சொன்ன முடிச்சு இங்கே இன்னும் இறுகுகிறது.

கடைசியில் மிமிமியை விட்டுட்டு கிகுச்சியை ஏன் தேர்ந்தெடுத்தான்?

இதற்குக் கோபத்தோடு எழுதுபவர்களை எனக்குப் புரிகிறது. மிமிமி தன் காதலை நேராகச் சொன்னவள். இருவருக்கும் பேச்சு சிரிப்பும் கேலியுமாக இயல்பாக ஓடும். டோமோசாகிக்கும் அவள் மீது அன்பு உண்டு. அதனால்தான் அந்த முடிவு எளிதாக எடுக்கப்படவில்லை.

பள்ளிக் கலைவிழாவுக்குக் கிகுச்சி ஒரு நாடகம் எழுதுகிறாள். அதற்காக அவளும் டோமோசாகியும் ஹினாமியின் மனம் எப்படி இயங்குகிறது என்பதைத் தேடிப் போகிறார்கள். நாடகத்தில் தமா, வகுப்புத் தோழன் மிசுசாவா, ஹினாமி மூவரும் நடிக்கிறார்கள். தன் உலகத்திலிருந்து வெளியே வர அஞ்சும் கிகுச்சியிடம், டோமோசாகி தன் பழைய நிலையைப் பார்க்கிறான். ஆனால் அவளைத் தன்னைப் போல மாற்ற வேண்டும் என்ற அவசரம் தவறு என்பதையும் அவளிடமிருந்தே கற்கிறான். வெட்கத்தைத் தாண்டி அவன் உண்மையைப் பேசப் பழகியது அவளிடம்தான் என்பதால், ஒத்திகை பற்றிய கேள்வியில் சொன்ன அந்தக் கோடை உரையாடலிலிருந்தே இந்த முடிவுக்கு வழி போடப்பட்டிருக்கிறது. மிமிமியின் பக்கம் நின்று பார்த்தால் வலிக்கும். வலிக்க வேண்டும் என்றே எழுதப்பட்டிருக்கிறது.

என் தம்பி யார்கூடயும் பேசாம எந்நேரமும் கேம்தான் ஆடுறான். இதைக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் பாடமாகக் காட்ட வேண்டாம். ‘இவனைப் பார், எப்படித் திருந்திவிட்டான்’ என்ற தொனி வந்துவிட்டால் முதல் எபிசோடுடன் அவன் எழுந்து போய்விடுவான். முடிந்தால் கூடவே உட்கார்ந்து பாருங்கள். அவன் ஆடும் விளையாட்டைப் பற்றி அவனிடம் கேளுங்கள். ஹினாமி டோமோசாகியை அணுகும்போது, அவன் விளையாட்டை வீண் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவனை மதித்த ஒருத்தி சொன்னதால்தான் அவன் காதுகொடுத்தான்.

பேசுவதற்கு அஞ்சி அவன் பள்ளிக்கே போக மறுக்கிறான், வியர்க்கிறது, உறக்கம் கெடுகிறது என்றால் அது கூச்சத்தைக் கடந்த பதற்றமாக இருக்கலாம். அதற்குத் தொடர் மருந்தாகாது. மனநல மருத்துவரையோ ஆற்றுப்படுத்துநரையோ பார்ப்பதே சரி.

ரெண்டாவது சீசனோட கதை முடிஞ்சுதா?

முடியவில்லை. கிகுச்சியோடு காதல் தொடங்கும் இடத்தில் அனிமே நிற்கிறது; நாவல் எட்டாம் தொகுதியிலிருந்து மேலே செல்கிறது. காதலி கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஹினாமியின் பாடத்திட்டத்தில் ஆயத்தமான விடை இல்லை என்பதால் டோமோசாகி பலமுறை தடுமாறுகிறான். அஷிகாரு என்ற தொழில்முறை விளையாட்டு வீரரைச் சந்தித்து, தான் நேசிக்கும் விளையாட்டையே வாழ்க்கைத் தொழிலாக்க முடியுமா என்று யோசிக்கவும் தொடங்குகிறான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 6.5, 8.5 என்று எண்ணிட்ட தொகுதிகள் சிறுகதைத் தொகுப்புகள். அவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று தாண்டினாலும் மையக்கதை அறுபடாது. ஆனால் மற்ற பாத்திரங்களின் மனத்திலிருந்து கதையைப் பார்க்கும் வாய்ப்பு அவற்றில் கிடைக்கிறது என்பதால், எண் வரிசையிலேயே படிக்குமாறு பரிந்துரைக்கிறேன்.